பிடித்த இயக்குநரின் பிடித்த படம்: செவ்வாய்பேட்டை மொட்டை மாடியிலிருந்து ஒரு வழிகாட்டி

எதிர்வீட்டுப் பெண் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை லீவில் ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்தவள், "சித்தப்பா, எனக்கு மகேந்திரன் சார்னா உசுருங்க. ஆனா அவரு படத்துல எது பிடிக்கும்னு யாராச்சும் கேட்டா பதில் வர மாட்டேங்குது" என்றாள். எத்தனை படம் பார்த்திருக்கிறாய் என்று கேட்டேன். 'முள்ளும் மலரும்' முழுசாக, 'ஜானி' பாதி. மிச்சமெல்லாம் போனில் ஓடிய அரை நிமிடத் துண்டுகள்.

அவளிடம் ஒரு குறையும் இல்லை. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். இயக்குநரின் பேரைச் சொன்னால் நெஞ்சு நிறைகிறது, படத்தின் பேரைக் கேட்டால் ஊரே சொல்லும் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். நானும் அப்படித்தான் பல வருஷம் 'உதிரிப்பூக்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பிடித்த படம் இல்லை, நான் மதித்த படம் என்று விளங்க வெகுநாள் பிடித்தது.

அவளுக்கு மூன்று மாதமாகச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு மகேந்திரனையே வைத்துக்கொள்கிறேன். வழி எந்த இயக்குநருக்கும் பொருந்தும்.

யாருடைய படம் என்று முதலில் தெளிவு வேண்டும்

சேலத்தில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது மாடர்ன் தியேட்டர்ஸைத் தாண்டிப் போக முடியாது. ஏற்காடு ரோட்டில் அந்தப் பழைய நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய படத் தயாரிப்பு நிறுவனம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கிருந்துதான் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் வந்ததும் இங்கிருந்துதான். ஏற்காடு பஸ்ஸில் போகும் பிள்ளைகள் அந்த வளைவைப் பார்த்து "இது என்னங்க?" என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் வலிக்கும்.

அந்த நிறுவனத்தின் 'மந்திரி குமாரி' (1950) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கம் என்ற இடத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: எல்லிஸ் ஆர். டங்கன், டி. ஆர். சுந்தரம். டங்கன் பாதியில் அமெரிக்கா கிளம்பிவிட, சுந்தரம் முடித்தார். வசனம் மு. கருணாநிதி. எம்.ஜி.ஆர். ரசிகருக்கு அது எம்.ஜி.ஆர். படம், வசனத்துக்காகப் போனவருக்கு அது கலைஞர் படம். இதில் "டங்கனின் படங்களில் எனக்கு மந்திரி குமாரி பிடிக்கும்" என்று ஒருவர் சொன்னால் அவர் எந்தப் பகுதியைச் சொல்கிறார்? ஆகவே படத்தைத் தேடும் முன், அந்த இயக்குநரின் கை எவ்வளவு தூரம் அந்தப் படத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கதை யார், திரைக்கதை யார், வசனம் யார் என்று டைட்டில் கார்டை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கொஞ்சமாகப் படம் எடுத்தவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கே. பாலசந்தர் மாதிரி ஏராளமாக எடுத்தவரைக் கையில் எடுத்தால் மலைத்துப்போய் பத்தாவது படத்தில் விட்டுவிடுவீர்கள். அவரேதான் வேண்டும் என்றால் 1970களை மட்டும் என்று வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். ரொம்பக் குறைந்தாலும் ஆகாது. எங்கள் சேலம் பக்கத்துக்காரர் ருத்ரய்யா இயக்கியது 'அவள் அப்படித்தான்' (1978), 'கிராமத்து அத்தியாயம்' (1980) என்று இரண்டே படங்கள். இரண்டும் பார்க்க வேண்டியவை, ஆனால் இரண்டில் ஒன்றைச் சொல்வதில் தேர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மகேந்திரன் இயக்கியவை 12. ஒரு வருஷத்துக்கு அளவான சாப்பாடு.

நோட்டில் பட்டியல்

போனில் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வருஷ வரிசைப்படி எழுதுங்கள். அந்தப் பெண்ணின் நோட்டில் முதல் பக்கம் இப்படி இருக்கிறது: முள்ளும் மலரும் 1978, உதிரிப்பூக்கள் 1979, பூட்டாத பூட்டுக்கள், ஜானி, நெஞ்சத்தைக் கிள்ளாதே மூன்றும் 1980, நண்டு 1981, மெட்டி, அழகிய கண்ணே இரண்டும் 1982, கை கொடுக்கும் கை 1984, கண்ணுக்கு மை எழுது 1986, ஊர்ப் பஞ்சாயத்து 1992, சாசனம் 2006.

எழுதி முடித்ததும் அவள் விரலை 1980 மேல் வைத்து, "ஒரே வருஷத்துல மூணாங்க?" என்றாள். பட்டியல் எழுதுவதன் பலனே இதுதான். மனுஷனின் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து வருஷத்துக்குள் எட்டுப் படம், அப்புறம் மெல்ல மெல்ல இடைவெளி, கடைசிப் படத்துக்கு முன்னால் பதினான்கு வருஷம். இந்த வரிசை தெரிந்தால் ஒவ்வொரு படத்தையும் அதன் வயதோடு பார்ப்பீர்கள்.

பேருக்குப் பக்கத்தில் மூன்று குறிகள் மட்டும் போதும்: முழுசாகப் பார்த்தது, துண்டாகப் பார்த்தது, பார்க்காதது. துண்டாகப் பார்த்ததைப் பார்த்த கணக்கில் சேர்க்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் கறார்.

கையில் கிடைத்தது முழுப் படம்தானா?

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஒரு தியேட்டரில் ரெண்டாவது ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று பாட்டுகளை வெட்டிவிடுவார்கள். ஒரு படத்தில் கதாநாயகி ஒரு காட்சியில் கோபமாகக் கதவைச் சாத்துவாள், அடுத்த காட்சியில் சிரித்துக்கொண்டு வருவாள். நடுவில் இருந்த பாட்டில்தான் அவள் மனம் மாறியிருக்கிறது. அந்த இயக்குநருக்குக் கதை கட்டத் தெரியவில்லை என்று நான்கைந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு டிவியில் முழுதாகப் பார்த்தபோதுதான் தப்பு யாருடையது என்று புரிந்தது.

இன்றும் இதே கதைதான். டிவி ஒளிபரப்பில் வெட்டு, யூடியூபில் ஏற்றியவர்கள் வெட்டியது, பாட்டுக்கு மட்டும் சத்தத்தை நிறுத்தியது என்று பல விதம். முழுப் படமா என்று சோதிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. படத் தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் வந்தால் அங்கே நிறுத்துங்கள். படத்தின் நீளம் மீட்டரில் போட்டிருக்கும். 35 மி.மீ. பிலிம் புரொஜக்டரில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், அதாவது சுமார் 27 மீட்டர். சான்றிதழில் 4,000 மீட்டர் என்று இருந்தால் படம் ஏறக்குறைய 2 மணி 26 நிமிடம். உங்கள் கையில் இருப்பது 2 மணி நேரம்தான் என்றால் எங்கோ இருபது நிமிடத்துக்கு மேல் காணவில்லை. ஐந்தாறு நிமிடம் மட்டும் குறைந்தால் கவலைப்பட வேண்டாம். நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டியதை 25 பிரேமாக ஓட்டி டிவிடி ஆக்கினால் அவ்வளவு குறையும்.

அடுத்து படத்தின் உருவம். வண்டிச் சக்கரமோ தட்டோ வரும் காட்சியில் அது வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். நீள்வட்டமாக இருந்தால் படத்தை அகலத்துக்கு இழுத்திருக்கிறார்கள், எல்லார் முகமும் உப்பித் தெரியும். டிவி ரிமோட்டில் சரிசெய்துவிடலாம். நிறம் முழுக்கச் சிவப்படித்துத் தெரிந்தால் அது பழைய வண்ண பிலிமின் சாயம் மங்கிய பிரிண்ட். மற்ற சாயங்கள் போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சும். அதை ஒளிப்பதிவாளர் தலையில் கட்டாதீர்கள். வேறு பிரிண்ட் தேடுங்கள், கிடைக்காவிட்டால் மனதுக்குள் அந்தச் சிவப்பைக் கழித்துக்கொண்டு பாருங்கள். பழகிவிடும்.

பார்க்கும் முறை

எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் படத்தை முதலில் பார்க்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டே பார்ப்பீர்கள். அதே மாதிரி, யாரும் பேசாத படத்தையும் முதலில் எடுக்காதீர்கள், சலித்துவிடும். மகேந்திரன் என்றால் 'முள்ளும் மலரும்' நல்ல வாசல். ரஜினி இருப்பதால் பழக்கப்பட்ட வீட்டுக்குள் நுழைவது மாதிரி இருக்கும், நுழைந்த பிறகுதான் வீடு வேறு என்று தெரியும். அதற்கடுத்து ரஜினி இல்லாத ஒன்று. பிறகு மீண்டும் ரஜினி உள்ள ஒன்று. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வாரத்துக்கு ஒரு படம் போதும். எங்கள் மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குச் சுவரில் புரொஜக்டர் ஓடும். ஏழெட்டு பேர் வருவார்கள், தட்டு வடை செட் வரும். எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும். ஆனாலும் முதல் தடவை தனியாகப் பார்ப்பதே நல்லது என்பேன். பக்கத்தில் ஒருவர் அழுதால் நமக்கும் தொண்டை அடைக்கும், ஒருவர் கொட்டாவி விட்டால் நமக்கும் படம் நீளும். உங்கள் பிடித்தம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றால் அந்த முதல் இரண்டரை மணி நேரம் யாருக்கும் பங்கு கொடுக்காதீர்கள். விமர்சனமும் முன்கூட்டிப் படிக்க வேண்டாம்.

படம் முடிந்த கையோடு எதையும் எழுதாதீர்கள். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது நோட்டை எடுங்கள். ராத்திரி தூங்கி எழுந்த பிறகும் மிச்சமிருக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். ஒரு முகம், ஒரு சத்தம், ஒரு அசைவு, எதுவானாலும் சரி. அந்தப் பெண் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'க்கு எழுதியது: "பனியில ரெண்டு பேரு ஓடறது. ஷூ சத்தமே தாளம். அப்புறம் அவ மூஞ்சில இருக்கற அவசரம்." மூன்று வரிதான். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது என்று அப்புறம்தான் அவளுக்குச் சொன்னேன். விருது தெரியாமலேயே அவள் காதும் கண்ணும் அங்கே போய் நின்றிருக்கின்றன. அவளைவிட எனக்குத்தான் அன்றைக்குச் சந்தோஷம்.

பிரித்துப் பார்ப்பது

எனக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழில். கொலுசு எவ்வளவு பளபளத்தாலும் 'டச்' என்ன என்று பார்க்காமல் செவ்வாய்பேட்டையில் யாரும் வாங்க மாட்டார்கள். உருப்படியில் வெள்ளி எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்பதுதான் டச். பிடித்த படத்துக்கும் அப்படி ஒரு சோதனை வேண்டியிருக்கிறது. உங்களுக்குப் பிடித்தது இயக்குநரையா, நடிகரையா, பாட்டையா, ஒளிப்பதிவையா? எல்லாம் கலந்ததுதான் சினிமா, அதில் சந்தேகமில்லை. ஆனால் 'இந்த இயக்குநரின் படத்தில்' என்று கேள்வி இருப்பதால் அவருடைய பங்கு எது என்று தெரிந்தாக வேண்டும்.

நடிகரைப் பிரிக்க, அந்த நடிகர் உள்ள படத்தையும் இல்லாத படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நான் மேலே சொன்ன வரிசை இதற்குத்தான். 'முள்ளும் மலரும்', பிறகு விஜயனும் அஸ்வினியும் நடித்த 'உதிரிப்பூக்கள்', பிறகு 'ஜானி'. ரஜினி இல்லாத அந்த நடுப் படத்திலும் உங்களைப் பிடித்து உட்காரவைத்தது எது என்று பாருங்கள்.

ஒளிப்பதிவைப் பிரிக்கவும் மகேந்திரன் படங்களில் நல்ல வசதி இருக்கிறது. 'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. 'உதிரிப்பூக்கள்', 'ஜானி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' மூன்றுக்கும் அசோக்குமார். கேமராவுக்குப் பின்னால் ஆள் மாறியும் மாறாமல் இருப்பது எதுவோ அது இயக்குநருடையது.

இதை வைத்து நான் கண்டுகொண்டதைச் சொல்கிறேன். மகேந்திரன் படங்களில் கதையின் பெரிய முடிவை ஒரு பெண் எடுக்கிறாள், எதிரே நிற்கும் ஆண் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் திணறுகிறான். 'முள்ளும் மலரும்' கடைசியைப் பாருங்கள். ஊரே வள்ளியின் பக்கம் நின்று, அண்ணனை விட்டுவிட்டு அவளைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகிறது. வழியில் அண்ணன் காளி ஒற்றைக் கையோடு தனியாக நிற்கிறான். வள்ளி கூட்டத்தை விட்டு விலகி ஓடி வந்து அண்ணனிடம் நிற்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்வது. அந்த ஓட்டத்தில் காளி உடைந்து, தானே அவளைக் கொண்டுபோய், அவள் கட்டிக்கொள்ளப்போகும் என்ஜினியரிடம் ஒப்படைக்கிறான். ஒப்படைத்த பிறகும், உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். வேறு படமாக இருந்தால் அந்த இடத்தில் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டிருப்பார்கள். காளி கடைசிவரை காளியாகவே இருக்கிறான். 1974இல் 'தங்கப்பதக்கம்' படத்துக்குக் கதை வசனம் எழுதி தியேட்டர் அதிர வைத்தவர்தான் நான்கு வருஷம் கழித்து இப்படி வாயைக் கட்டிக்கொண்டு படம் எடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

பாட்டைப் பிரிப்பதுதான் கஷ்டம். இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இளையராஜா. மனுஷர் நெஞ்சுக்குள் கையை விட்டுவிடுவார், அப்புறம் எது படம், எது பாட்டு என்று தெரியாது. இதற்கு நான் கையாளும் வழி, சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஒரு காட்சியைப் பார்ப்பது. பாட்டுக் காட்சி வேண்டாம். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் காட்சியாக எடுங்கள்.

'ஜானி'யில் அர்ச்சனா ஜானியிடம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கும் காட்சி. பாடகியாக ஸ்ரீதேவி, திருடனாக ரஜினி. முதலில் சத்தத்தோடு பாருங்கள். அவள் கேட்கிறாள். அவன் தான் யார் என்பது தெரிந்ததால் தயங்குகிறான். அவளுக்கு அது தெரியாது, தன்னைக் குறைவாக நினைத்துத்தான் தயங்குகிறான் என்று எடுத்துக்கொள்கிறாள். அவனுக்குக் கோபம் வருகிறது, அந்தக் கோபத்திலேயே அவன் மனசும் வெளியே வந்துவிடுகிறது. இப்போது சத்தம் இல்லாமல் அதே காட்சி. ஸ்ரீதேவியின் முகத்தை மட்டும் பாருங்கள். கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கம், கேட்டுவிட்ட துணிவு, பதில் வராத அந்தச் சில நொடி அவமானம், கடைசியில் நிம்மதி. ஒரு வார்த்தை காதில் விழாமல் இத்தனையும் படிக்க முடிகிறது என்றால் அந்தக் காட்சியைக் கட்டியவர் கெட்டிக்காரர்.

நான் பல வருஷம் 'ஜானி'யை ஒதுக்கி வைத்திருந்ததற்குக் காரணம் பாட்டுதான். மழையில் கூட்டம் கலைந்த பிறகும் அவள் 'காற்றில் எந்தன் கீதம்' பாடிக்கொண்டே இருப்பாளே, அதற்காகத்தான் எனக்கு அந்தப் படம் பிடிக்கிறது, அது ராஜாவும் ஜானகியம்மாவும் கொடுத்தது, படத்தின் கணக்கில் வராது என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் தடவை

அந்த நினைப்பு மாறியது ஏற்காட்டில். காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் நண்பர் ஒருவர் இருக்கிறார். மார்கழியில் காபிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயம், இரண்டு நாள் வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவும் பனியில் ஏறி, அவர் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. லேப்டாப்பில் 'ஜானி' போட்டோம். நான் பார்த்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அர்ச்சனா கேட்டுவிட்டாள், ஜானி வாயைத் திறக்கவில்லை, அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரி ஏற்கெனவே செத்தது, அதுவும் அணைந்தது.

இருட்டில் உட்கார்ந்திருந்தோம். ஓட்டுக் கூரையில் பனி சொட்டுகிற சத்தம். நண்பர் மெழுகுவத்தி தேடப் போனார். என்ன பதில் வரும் என்று எனக்கு வசனத்தோடு தெரியும். ஆனாலும் மனசு அடித்துக்கொள்கிறது, அந்தப் பெண் அங்கே பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாளே என்று. பாட்டு நினைவுக்கே வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது எனக்குப் பிடித்த படம் எது என்று முடிவாகியிருந்தது.

அதனால் சொல்கிறேன், இரண்டாம் தடவை பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் ஆறு மாதமாவது விடுங்கள். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்க வேண்டியதில்லை. நோட்டில் நீங்கள் எழுதிய மூன்று வரிகளைப் படித்தால் எந்த நான்கு படம் திரும்பக் கூப்பிடுகிறது என்று தெரியும். அந்த நான்கு போதும். இரண்டாம் தடவை பார்க்கும்போது, முடிவு தெரிந்த பிறகும் எந்த இடத்தில் உங்களுக்குப் படபடப்பு வருகிறது என்று கவனியுங்கள்.

இடத்தையும் மாற்றிப் பாருங்கள். முதல் தடவை வீட்டில் பார்த்திருந்தால் இரண்டாவது வேறெங்காவது. ஊர் மாறினால் கண்ணும் கொஞ்சம் மாறுகிறது.

சிறந்தது வேறு, பிடித்தது வேறு

இந்த இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். மகேந்திரனின் சிறந்த படம் எது என்று கேட்டால் இன்றைக்கும் 'உதிரிப்பூக்கள்' என்றுதான் சொல்வேன். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பொறி எடுத்து, அதைத் தன்னுடையதாக்கிக்கொண்ட படம். கடைசியில் ஊரே சேர்ந்து, கொடுமைக்காரனான சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்க வைக்கும்போது, நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னை மாதிரி ஆக்கிவிட்டேனே, அதுதான் நான் செய்ததிலேயே பெரிய பாவம் என்கிற பொருளில் அவன் சொல்கிறான். அதுவரை அவன் சாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நமக்கு அந்த இடத்தில் சுருக்கென்று குத்தும். கரையில் அவனுடைய இரண்டு குழந்தைகள்.

சேலம் குகைப் பகுதியில் இருக்கும் என் அத்தை இதை ரிலீசான சமயம் தியேட்டரில் பார்த்தவர். எங்கள் மாடியில் அதைப் போட்டபோது கூப்பிட்டேன். "வேண்டாஞ்சாமி. நல்ல படந்தான், இல்லீன்னு சொல்லல. அந்தப் புள்ளைங்க ஆத்தோரம் நிக்கறத இன்னொருக்கா என்னால பாக்க முடியாது" என்றார். நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவருக்குப் பிடித்த படம் 'மெட்டி'. அந்தப் படத்துப் பாட்டைக் கேட்டால் அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டு வந்து உட்காருவார். சிறந்த படத்தை ஒருவர் திரும்பப் பார்க்க முடியாமல் போவதும் அந்தப் படத்துக்குச் செய்யும் மரியாதைதான் என்று அத்தையிடம்தான் கற்றுக்கொண்டேன்.

பிடித்த படத்தின் குறைகளையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். குறையே தெரியவில்லை என்றால் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. 'ஜானி'யில் ஒரே சாயலில் இரண்டு பேர் என்ற கதைப் பிடிப்பு பழையது, தற்செயல்கள் அதிகம். முடிதிருத்தும் வித்யாசாகர் பகுதி சில இடங்களில் தனிப் படம் மாதிரி ஓடுகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அர்ச்சனா அங்கே நிற்கிறாள் என்பதற்காகத் திரும்பப் போகிறேன்.

வேறு கட்சிக்காரரோடு பேசுங்கள்

உங்கள் படத்தையே சொல்கிறவரோடு பேசிப் பயனில்லை, இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவீர்கள். வேறு படம் சொல்கிறவரைத் தேடிப் பிடித்து, ஏன் என்று கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவர் காட்சியைச் சொல்ல வேண்டும், நீங்களும் காட்சியைச் சொல்ல வேண்டும். "செம படம்", "வேற லெவல்" எல்லாம் செல்லாது. அஸ்தம்பட்டியிலிருந்து வரும் ஒரு வாத்தியார் 'பூட்டாத பூட்டுக்கள்' கட்சி. அவர் பேச்சைக் கேட்டு நான் அதை இரண்டாம் தடவை பார்த்தேன். கட்சி மாறவில்லை, ஆனால் என் நோட்டில் அந்தப் படத்துக்குக் கீழே இன்னும் நான்கு வரி சேர்ந்தது.

பதில் மாறலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. மாற்றும்போது பழைய பேரை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள்.

எதிர்வீட்டுப் பெண் போன ஞாயிறு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கடைசிப் பக்கத்தில் 'முள்ளும் மலரும்' என்று எழுதி, கோடு போட்டு, கீழே 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

"கேள்விக்குறி எதுக்கு?" என்றேன்.

"'சாசனம்' இன்னும் பாக்கலீங்க சித்தப்பா. அதப் பாக்காம எழுதுனா சரியா வருமுங்களா?"

வராது என்று சொன்னேன். அரவிந்த்சாமி, கௌதமி நடித்த படம், நல்ல பிரிண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் முதலில் அவள் தனியாகப் பார்க்கட்டும். அதற்கடுத்த ஞாயிறு ஆறரைக்கு மாடியில் போடுகிறோம்.